கேட்டதற்கு மட்டும்

2025 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாத்தூரிலிருந்து சித்தி போன் செய்தாள். மழை உண்டா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஊரைச் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வருகிறவள், அன்று எடுத்த எடுப்பில் கேட்டாள்: "ஏப்பா, அந்த இருமல் மருந்துல என்னத்தக் கலந்துட்டானுக? பச்சப்புள்ளைகளாச் செத்துப் போயிருக்கு." மத்தியப் பிரதேசத்து சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி அப்போது எல்லா டிவியிலும் ஓடிக்கொண்டிருந்தது. சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு அரசு ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கவேண்டியது 0.1 சதவீதத்துக்குள். பிரேக் ஆயில், மை இந்த மாதிரி விஷயங்களில் போடுகிற சாமான் என்று சித்திக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம், "சரி, நீ செய்யுற மருந்துல இப்பிடி ஒண்ணும் வராதுல்ல?" என்றாள். "வராது சித்தி" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

நான் சொன்னது பொய் கிடையாது. நாங்கள் சிரப் செய்வதில்லை, கிளைக்கால் வாங்குவதுமில்லை. அவள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். ஆனால் யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாமல் அந்த "வராது" வந்த வேகம் அன்று ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படிப் பதில் சொல்ல எனக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தந்திருக்கிறார்கள்.

மணி என்னவென்று தெரியுமா?

மதுரையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு 2003இல் ஹைதராபாத் வந்தேன். பொல்லாரம் பக்கம் ஒரு பல்க் டிரக் கம்பெனி. பார்மா என்றதும் ஊரில் எல்லோரும் மாத்திரை என்று நினைத்தார்கள். மாத்திரை வேறு கடை. அதற்குள் இருக்கும் சரக்கைத்தான் நாங்கள் செய்கிறோம்: 25 கிலோ டிரம்மில், இரட்டை பாலித்தீன் பைக்குள், சீல் வைத்துப் போகும் வெள்ளைப் பொடி. நான் பிராசஸ் டெவலப்மென்ட். லேபில் ஒரு லிட்டர் குடுவையில் நடக்கிற வினையை, பிளான்ட்டில் 3,000 லிட்டர் ரியாக்டரில் நடக்கவைப்பது என் வேலை. குடுவையில் இருபது நிமிடத்தில் ஊற்றிவிடுகிற கரைசலை ரியாக்டரில் ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடவேண்டியிருக்கும், சூடு வெளியே போக அவ்வளவு பெரிய பாத்திரத்தில் வழி குறைவு என்பதால். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

சேர்ந்த முதல் வாரம் ஆடிட் பயிற்சி. வெளிநாட்டு ஆய்வாளர் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று க்யூஏ, அதாவது தர உறுதிப் பிரிவு, மேலாளர் வகுப்பெடுத்தார். என்னை எழுப்பி, "மணி என்னவென்று தெரியுமா?" என்றார். வாட்சைப் பார்த்து, "பதினொன்று இருபது சார்" என்றேன். அறையே சிரித்தது. "தப்பு. நான் மணி கேட்கவில்லை. தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்பதுதான் பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது." பார்மாவில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எல்லாக் கம்பெனியிலும் இதே கதை ஏதோ ஒரு வடிவத்தில் ஓடுகிறது.

அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். வாய் நீளமானவர்களால் வந்த வினைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஷிப்ட் கெமிஸ்ட்டிடம் ஆய்வாளர், "ரியாக்டரை ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் கழுவுகிறீர்களா?" என்று கேட்டார். "பொதுவாகக் கழுவுவோம் சார்" என்றான் அந்தப் பிள்ளை. அந்தப் 'பொதுவாக' என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு வருஷத்துக் கழுவல் பதிவேடுகளை எடுத்து அடுக்கினோம், மூன்று மாதம் விளக்கம் எழுதினோம். உண்மையில் அவன் ஒவ்வொரு முறையும் கழுவியிருந்தான். பேச்சில் அப்படி ஒரு சொல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

விஷயம் என்னவென்றால், இந்தப் பழக்கம் ஆடிட் அறையோடு நிற்பதில்லை. எங்கள் கருவிகளும் இதே பயிற்சி பெற்றவைதான். பொருளில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் ஒரு மாதிரியை ஏற்றினால், நாம் சொன்ன அலைநீளத்தில், நாம் சொன்ன நேரத்துக்குள், வெளியே வருவதை மட்டும் கோடாக வரைந்து காட்டும். 254 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சாத பொருள் எவ்வளவு இருந்தாலும் அந்தக் கருவிக்கு அது இல்லாததுதான். நாற்பது நிமிடத்தில் ஓட்டத்தை நிறுத்தினால் நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் வரவிருந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. கீழே 'கம்ப்ளைஸ்', அதாவது தர அளவுக்குள் இருக்கிறது, என்று அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு சரக்கை அனுப்புவோம்.

என் பெயரில் ஒரு கேடயம்

ஈல்டு என்றால் போட்ட மூலப்பொருளுக்கு எவ்வளவு சரக்கு கிடைக்கிறது என்ற கணக்கு. அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில், அதாவது ஹைதராபாத் பல்க் டிரக் வட்டாரத்தில், சாதிப்பெருமை மாதிரி ஒரு மரியாதை உண்டு. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்று சொன்னது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய முடிந்தால் அது உன்னுடையது. பாலாநகரில் இருந்த அரசு நிறுவனமான ஐடிபிஎல்லில் வேலை பழகியவர்கள் வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கினார்கள். டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி அப்படி வந்தவர்தான். 2005இல் சட்டம் மாறியது. ஆனால் அந்த முப்பது சொச்சம் வருஷத்தில் 'வேறு வழி' கண்டுபிடிப்பதுதான் கெமிஸ்ட்டின் கெட்டிக்காரத்தனம் என்று ஆகிவிட்டது. ஒரு படியைக் குறை, ஒரு சால்வென்ட்டை (கரைப்பானை) மாற்று, ஈல்டு நான்கு சதவீதம் ஏறட்டும். நானும் அந்த மரபில் வந்தவன்தான்.

2011இல் என் முறை வந்தது. ஒரு மருந்தின் கடைசிக்கு முந்தைய படியில் கிரினார்டு வினை. அதற்கு டெட்ராஹைட்ரோபியூரான், சுருக்கமாக டிஎச்எஃப், ஒரு கிலோ சரக்குக்குப் பத்து லிட்டர் வீதம் வேண்டும். விலை கூடின சால்வென்ட். ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குவதற்குப் பதில், பயன்படுத்தியதை வடித்தெடுத்துத் திரும்பப் போடலாமே என்று எழுதிக் கொடுத்தேன். டிஎச்எஃப்பும் தண்ணீரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேர்ந்தே ஆவியாகும், பிரிப்பது லேசில்லை. கிரினார்டுக்கோ ஒரு பொட்டுத் தண்ணீர்கூட ஆகாது. அதனால் ஆறு மாதம் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டினேன். முதலில் வடித்து டிரம்களில் சேர்த்து வைப்பது, போதுமான அளவு சேர்ந்ததும் தண்ணீரைப் பிரித்து உலர்த்தி, கடைசியாக இன்னொருமுறை வடிப்பது என்று முறை வகுத்தேன். மீட்ட சால்வென்ட்டுக்குத் தர அளவுகோல் எழுதினேன்: தூய்மை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவுக்குள். 92 சதவீதம் மீட்கலாம் என்பது என் கணக்கு. வருஷ முடிவில் எம்டி கையால் ஒரு கேடயம், கூடவே ஒரு பரிசுக் கூப்பன். கூப்பனில் மிக்ஸி வாங்கினோம். கேடயத்தைவிட அது நன்றாக உழைத்தது.

பிளான்ட்டில் 92 வரவில்லை. 86தான் வந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் ரிகவரிக்காரர்களை எழுப்பி எழுப்பிக் கேட்பேன்: மிச்சம் ஆறு சதவீதம் எங்கே போகிறது? ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள். அடுத்த மாதமும் 86.

2012இல், ஒரு சாயங்காலம், தரச் சோதனை லேபான க்யூசியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் என் மேஜைக்கு வந்தாள். நல்கொண்டாக்காரி, பேச்சு பாதி தெலுங்கு, பாதி ஆங்கிலம். கையில் குரோமட்டோகிராம், அதாவது கருவி வரைந்த கோட்டுத் தாள்கள். "சார், முப்பத்தொன்றாவது நிமிடத்தைப் பாருங்கள்" என்றாள். பெரிய பீக் எல்லாம் முடிந்து, கோடு தரையோடு தரையாகப் போகிற இடத்தில், எறும்புப் புற்று மாதிரி ஒரு மேடு.

"எவ்வளவு?"

"0.03 சதவீதம் சார்."

"0.05க்குக் கீழே எதையும் ரிப்போர்ட் பண்ண வேண்டாம்மா. விடு."

இறுதி மருந்துக்கான சர்வதேச வழிகாட்டுதலில் இருக்கும் எண் அது. அதை, மருந்தாவதற்கு முந்தைய படியில் கிடைக்கும் இடைநிலைப் பொருளுக்கும் கடன் வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு "சரி சார்" என்று போய்விட்டாள். ஒன்றரை வருஷத்தில் வேறு கம்பெனிக்கும் போய்விட்டாள். நான் அதை அன்றைக்கே மறந்திருப்பேன்.

ஆயிரத்து அறுநூறு மடங்கு

2018 ஜூலையில் வால்சார்ட்டான் செய்தி வந்தபோது எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் ரத்த அழுத்தத்துக்குப் போடுகிற மாத்திரை. அதன் மூலப்பொருளில், சீனாவின் ஜெஜியாங் ஹுவாஹாய் தயாரித்ததில், என்டிஎம்ஏ என்ற நைட்ரசமீன் இருந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். அதை யாரும் வெளியிலிருந்து கலக்கவில்லை. வினை நடக்கும்போது தானாக உருவாகியிருந்தது.

அந்த வேதியியலைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அவர்கள் டிஎம்எஃப் என்ற சால்வென்ட்டுக்கு மாறியிருந்தார்கள். டிஎம்எஃப் லேசாகச் சிதைந்தால் டைமெத்தில்அமீன் வரும். வினையின் முடிவில் மீந்துபோன அசைடு ஆபத்தானது என்பதால் அதை அழிக்க நைட்ரைட் போட்டார்கள். இதுவும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அமீனும் நைட்ரைட்டும் அமிலத்தில் சந்தித்தால் நைட்ரசமீன் வரும் என்பது பி.எஸ்சி. இரண்டாம் வருஷப் பாடம். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிந்த வேதியியல். ஆனால் இரண்டும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கின்றன என்று யாரும் யோசிக்கவில்லை. 2018 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தில் ஒரு வரி வரும்: 2011 நவம்பரில் அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், நோக்கம் செய்முறையை மேம்படுத்துவது, ஈல்டைக் கூட்டுவது, செலவைக் குறைப்பது. நான் கேடயம் வாங்கிய அதே வருஷம், அதே மூன்று காரணங்கள். என் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதினாற்போல் இருந்தது.

அது வெளியே வந்த விதமும் அப்படித்தான். வாடிக்கையாளர் ஒருவர், மீதமிருக்கும் சால்வென்ட்டுகளைச் சோதிக்கும்போது பெயர் தெரியாத ஒரு பீக்கைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அதிகபட்ச டோஸான 320 மில்லிகிராமுக்கு வால்சார்ட்டானில் என்டிஎம்ஏ 0.3 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 0.3 பங்கு) வரை மட்டுமே இருக்கலாம் என்று பிற்பாடு நிர்ணயித்தார்கள். நான் அந்தப் பெண்ணிடம் "விடு" என்று சொன்ன எல்லை 0.05 சதவீதம், அதாவது 500 பிபிஎம். வகுத்துப் பாருங்கள், ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல்.

இங்கே பட்டன்செருவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், எங்கள் பக்கத்து ஊர். அங்கே பல பார்மா கம்பெனிகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் உண்டு. 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள், சுத்திகரித்து வெளியே விடும் நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருக்கிறது என்று வெளியிட்டார்கள். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். அங்கே நீரின் மொத்த அழுக்கைக் காட்டும் சிஓடி பார்த்தார்கள், பிஓடி பார்த்தார்கள், உப்பு பார்த்தார்கள். ஆன்ட்டிபயாட்டிக் எவ்வளவு என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

நிம்மதியோடு ஒரு டீ

2019 செப்டம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை எல்லாக் கம்பெனிகளையும் தத்தம் மருந்துகளில் நைட்ரசமீன் வர வழியுண்டா என்று ஆராயச் சொன்னது. எங்களுக்கும் வந்தது. என் பங்குக்கு ஒன்பது மருந்துகள். டிஎச்எஃப் மருந்துக்கு வேலை சுலபம்: அமீன் இல்லை, நைட்ரைட் இல்லை, ரிஸ்க் இல்லை. கையெழுத்துப் போட்டு மூடியிருக்கலாம். ஆனால் கோப்பில் குரோமட்டோகிராம்களைப் புரட்டியபோது அந்த முப்பத்தொன்றாவது நிமிடம் கண்ணில் பட்டது. எட்டு வருஷமாகியும் அந்த எறும்புப் புற்று அங்கேயே இருந்தது. வால்சார்ட்டானுக்குப் பிறகு அதைத் தாண்டிப்போக முடியவில்லை.

2020 பிப்ரவரியில், யாரிடமும் அதிகம் சொல்லாமல், ஒரு பேட்ச்சை, மூலக்கூறு எடையை வைத்துப் பொருளை அடையாளம் காட்டும் ஜிசிஎம்எஸ் கருவியில் ஏற்றச் சொன்னேன். மாதிரி ஏற்றிய அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. முடிவு வந்தது: மூலக்கூறு எடை 220, அதை அடுத்து 205இல் பெரிய துண்டு. கருவியின் நூலகம் உடனே பெயர் சொல்லிவிட்டது: பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுவீன். நாங்கள் பிஎச்டி என்போம். தமிழில் எழுதினால் இதற்கும் முனைவர் பட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுமே கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. சில உணவுப்பொருட்களில்கூடச் சேர்க்கிற சாதுவான சாமான். கடையில் வாங்குகிற டிஎச்எஃப்பில் பத்து லட்சத்துக்கு 250 பங்கு கலந்தே வரும். பத்து லிட்டர் என்பது கிட்டத்தட்ட ஒன்பது கிலோ. அதில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் பிஎச்டி இருக்கும். அதில் கொஞ்சம் சரக்கோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்த படியில் போய்விடும். இறுதி மருந்தில் தேடினோம், இல்லவே இல்லை.

எட்டு வருஷத்துப் பயம் இரண்டு எண்களில் தீர்ந்தது. கேன்டீனுக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். நான் அன்றைக்குச் சொன்ன "விடு" சரிதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். பாதி டீயில் இன்னொன்று தோன்றியது. அந்தப் பெண் கொண்டுவந்தது இரண்டு தாள்கள். முதல் தாளில் பீக் இருந்தது. இரண்டாவது தாள் எதற்கு?

திரும்பிப் போய் எல்லா பேட்ச்சையும் வரிசையாக எடுத்தேன். மூன்று பேட்ச்சில் இருக்கும், நான்கில் இருக்காது, மறுபடி இரண்டில் இருக்கும். பேட்ச் ரெக்கார்டில் சால்வென்ட் எண்ணை ஒப்பிட்டதும் தெரிந்துவிட்டது. புது டிஎச்எஃப் போட்ட பேட்ச்சில் பீக் உண்டு. மீட்ட டிஎச்எஃப் போட்டதில் இல்லை. டிஎச்எஃப் 66 டிகிரியில் ஆவியாகும். பிஎச்டிக்கு 260க்கு மேல் வேண்டும், அது மேலே ஏறி வராது. வடித்தெடுத்த டிஎச்எஃப்பில் ஒரு துளிகூட இருக்காது. அவள் காட்டவந்தது இரண்டாவது தாளை. "ஏன் இருக்கிறது" என்று கேட்கிறாள் என நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். "ஏன் இதில் மட்டும் இல்லை" என்பதுதான் அவளுடைய கேள்வி.

பிஎச்டியை டிஎச்எஃப்பில் சும்மா போடுவதில்லை. டிஎச்எஃப் காற்றுப் பட்டு நாள்பட இருந்தால் உள்ளே பெராக்சைடு உண்டாகும். அதை வடிக்கும்போது பெராக்சைடு அடியில் தங்கிச் செறிந்துகொண்டே போகும். முழுக்க வற்றவிட்டால் வெடிக்கும். இதுவும் பி.எஸ்சி. பாடம்தான். அதைத் தடுக்கத்தான் பிஎச்டி. நான் எழுதிய முறையில் முதல் வடிப்பில் வந்த டிஎச்எஃப், காவல்காரனை உதிர்த்துவிட்டு, 3,000 லிட்டர் சேரும்வரை இரண்டு மூன்று வாரம் டிரம்மில் நிற்கும். நான் எழுதிய அளவுகோலில் தூய்மை இருந்தது, தண்ணீர் இருந்தது. பெராக்சைடு இல்லை. ஒன்பது வருஷமாக இல்லை. பயந்துகொண்டு தேடிய பீக் காவல்காரனுடையது. அது இல்லாத, கோடு சுத்தமாக இருந்த, பார்க்க அழகான தாள்கள்தான் பயப்படவேண்டியவை.

மிச்ச மருந்து

டீ கிளாஸைக் கேன்டீனில் திருப்பிக் கொடுத்தேனா என்று ஞாபகமில்லை. சால்வென்ட் யார்டுக்கு நடந்தேன். தகரக் கூரை, அதன் கீழ் வரிசையாக நீல டிரம்கள், சாக்பீஸில் தேதி. பதினெட்டு நாள், பதினொரு நாள், நான்கு நாள். சேஃப்டி ஆளை வரவழைத்து, எதையும் நகர்த்தாமல் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, அசிட்டிக் அமிலத்தில் பொட்டாசியம் அயோடைடு போட்டுக் கலக்கினோம். பெராக்சைடு இருந்தால் மஞ்சளாகும். நான்கு நாள் டிரம்மில் ஒன்றுமில்லை. பதினொரு நாள் டிரம்மில் வெளிறிய மஞ்சள். பதினெட்டு நாள் டிரம்மில் நல்ல மஞ்சள், மஞ்சள்நீராட்டுக்குக் கரைத்த தண்ணீர் மாதிரி.

நான் சாத்தூர்க்காரன். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாத்திரை இல்லை, பட்டாசுக்குள் போகிற கலவை. சித்தி பதினெட்டு வருஷம் பட்டாசு ஆலைக்குப் போனவள். கலந்த மருந்தை ராத்திரிக்கு மிச்சம் வைக்கக்கூடாது, எடுத்ததை அன்றைக்கே முடிக்கவேண்டும் என்று சின்ன வயதில் அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வைத்தது எப்போது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது என்பாள். அந்த ஊரில் வளர்ந்துவிட்டு, மேலே எம்.எஸ்சி.யும் படித்துவிட்டு, தகரக் கூரைக்குக் கீழே பதினெட்டு நாள் மருந்தை மிச்சம் வைக்க நானே முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்படியென்றால் ஒன்பது வருஷமாக ஏன் வெடிக்கவில்லை? ரிகவரியில் பழைய ஆள் ஒருவர் இருந்தார், ஒடிசா கஞ்சம் பக்கத்துக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. பேரனெடுத்தவர். கடைசி வடிப்பை எதுவரை ஓட்டுவீர்கள் என்று இந்தியில் கேட்டேன். தயங்கினார். திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பார், அதற்கு அவருக்கு நியாயம் இருந்தது. பிறகு சொன்னார்: அடியில் இருநூறு லிட்டர் நிற்கும்போதே நீராவியை மூடிவிடுவோம் சார், முழுக்க வற்றவிட்டால் அடியில் பிசின் பிடித்துக்கொள்ளும், மேன்ஹோல் வழியாக இறங்கிச் சுரண்டி எடுக்க எங்களால் ஆவதில்லை. அந்த இருநூறு லிட்டரைத் தண்ணீர் விட்டுக் கழிவில் தள்ளிவிடுவார்களாம்.

3,000 லிட்டரில் ஆறு சதவீதம் என்றால் 180 லிட்டர். மாதாமாதம் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, எங்கே போகிறது என்று நான் கேட்டுக்கொண்டிருந்த ஆறு சதவீதம். ஒரு கூட்டத்தில் அவருடைய சூப்பர்வைசரிடம், "திருடி விற்கிறார்களா?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு என் 92ஐ எட்டியிருந்தால்... அந்த வாக்கியத்தை இன்றுவரை நான் முடித்துப் பார்த்ததில்லை. 2025 ஜூன் 30 அன்று ஹைதராபாத் பக்கம் பாஷமைலாரத்தில் ஒரு ஆலை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது வேறு பொருள், வேறு காரணம். இறந்தவர்களில் ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் நிறைய. பட்டியலை டிவியில் காட்டியபோது எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

யார்டில் இருந்த மஞ்சள் டிரம்களைச் சேஃப்டி பிரிவு ஃபெரஸ் சல்பேட் விட்டு அழித்தது. ஒரு வாரத்தில் முறையைத் திருத்தினோம். மீட்ட டிஎச்எஃப்பில் உடனே பிஎச்டி சேர்ப்பது, டிரம்மில் நைட்ரஜன் நிரப்புவது, ஏழு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது, வடிப்பதற்கு முன் ஒவ்வொரு டிரம்முக்கும் பெராக்சைடு டெஸ்ட், அடியில் 300 லிட்டர் கட்டாயம் நிற்கவேண்டும். மீட்பு 83க்கு இறங்கியது, யாரும் ஏனென்று கேட்கவில்லை. மாற்றத்துக்கான படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'ஏற்கெனவே உள்ள கட்டுப்பாடுகளை மேலும் வலுப்படுத்த' என்று எழுதினேன். பெராக்சைடுக்கென்று ஏற்கெனவே எந்தக் கட்டுப்பாடும் இருக்கவில்லை. பெரியவர் இருநூறு லிட்டரில் நிறுத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். படிவத்தில் அவர் எங்குமே இல்லை. அவருக்குக் கேடயமும் இல்லை. நான் ஒரு வேட்டியும் இனிப்பும் வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று விளக்கியும் அவருக்குச் சரியாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு கொரோனா வந்தது, ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

2022இல் வெளிநாட்டு ஆடிட் நடந்தது. மூன்றாம் நாள் சால்வென்ட் ரிகவரி. ஆய்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அளவுகோலைப் படித்தார். வயதான, நிதானமான மனிதர். டிஎச்எஃப் வரிக்கு வந்ததும் விரலை வைத்தார்.

"மீட்ட டிஎச்எஃப்புக்குப் பெராக்சைடு டெஸ்ட் இருக்கிறதா?"

"இருக்கிறது."

எப்போதிலிருந்து என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் க்யூஏ மேலாளர் மேஜைக்குக் கீழே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.